பெரிய வீட்டுக்குக் காவல்: எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் வாங்குவது

வசதியான வீடுகளில் காவலுக்கென்று போடுகிற பணம் பெரும்பாலும் தெருவைப் பார்த்த பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. ஆளுயர கேட், அதன் மேல் கேமரா, செதுக்கு வேலைப்பாடு கொண்ட தலைவாசல் கதவு. பின்பக்கம் சுற்றி வந்து பார்த்தால் துணி துவைக்கும் இடத்துக்குப் போகிற கதவு வெறும் பிளைவுட்டாக இருக்கும், அதில் ஒற்றைத் தாழ்ப்பாள். இதையே தொழிலாக வைத்திருக்கும் திருடன் தலைவாசலை ரசித்துக்கொண்டு நிற்பதில்லை, நேராகப் பின்பக்கம்தான் போவான். போதாததற்கு, அந்த உயரமான மதில் அவனுக்கே மறைவு கொடுக்கிறது. உள்ளே குதித்த பிறகு தெருவில் போகிறவர் கண்ணில் அவன் பட மாட்டான்.

1979-ல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள், ஒரு திருட்டு நடக்க மூன்று விஷயங்கள் ஓரிடத்தில் கூடவேண்டும் என்றார்கள்: திருடத் துணிந்தவன், எடுக்கத் தோதான பொருள், தடுக்கக்கூடிய ஆள் இல்லாத நேரம். முதலாவது நம் கையில் இல்லை. மற்ற இரண்டையும் ஓரளவு மாற்றலாம். அதற்கு அளவுகோல் நிமிடம். கதவோ ஜன்னலோ அவனை எத்தனை நிமிடம் வெளியே நிறுத்தி வைக்கிறது, அந்த நிமிடங்களில் எவ்வளவு சத்தம் எழுகிறது, அதை யார் கேட்பார்கள்? எந்தப் பொருளை வாங்கும்போதும் கேட்க வேண்டியது இதைத்தான்.

கதவு, ஜன்னல்களுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 1627-உம் நிமிடக் கணக்கில்தான் ஓடுகிறது. ஆர்சி 2 வகுப்பு என்றால், ஸ்க்ரூடிரைவர், இடுக்கி, ஆப்பு போன்ற சாதாரணக் கருவிகளோடு சோதனையாளர் மோதினாலும் 3 நிமிடம் தாங்க வேண்டும். ஆர்சி 3-ல் கடப்பாரையும் சேரும், 5 நிமிடம். ஆர்சி 4-க்கு 10 நிமிடம். மூன்று நிமிடம் என்ன பெரிய நேரம் என்று தோன்றும். இருட்டில், அடுத்தவன் வீட்டு வாசலில், மரம் பிளக்கும் சத்தத்தோடு மூன்று நிமிடம் நிற்பது மிக நீளமான நேரம். நெதர்லாந்தில் 1999 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளின் கதவு, ஜன்னல்களுக்கு இப்படிப்பட்ட தாங்குதிறன் கட்டாயமானது. அதற்குப் பிறகு கட்டிய வீடுகளில் திருட்டு சுமார் கால்பங்கு குறைந்திருப்பதைப் பின்னால் நடந்த ஆய்வு காட்டியது. அந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தவை நல்ல பூட்டும், நல்ல நிலையும் (கதவைத் தாங்கும் சட்டம்)தான்.

முதலில் ஒரு சுற்று

எதையும் வாங்கும் முன், இருட்டிய பிறகு ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வீட்டை வெளிப்பக்கமாக ஒருமுறை சுற்றி வாருங்கள். உள்ளே விளக்கு எரியட்டும், திரைச்சீலைகள் வழக்கம்போல இருக்கட்டும். நின்ற இடத்திலிருந்து உள்ளே என்னவெல்லாம் தெரிகிறது, அலாரம் பேனலின் பச்சை விளக்கு கண்ணில் படுகிறதா, சாவி மாட்டும் ஆணி தெரிகிறதா? எந்த இடத்தில் நின்றால் அக்கம்பக்கத்தார் யாருக்கும் தெரியாது? அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திறப்பு எதுவோ, பட்டியலில் அதுதான் முதல்.

மேலேயும் பாருங்கள். ஏணி வெளியே சாத்தியிருக்கிறதா? ஏசி வெளிப்பெட்டி, தண்ணீர்க் குழாய், கார் நிறுத்தும் கூரை, மரக்கிளை இவற்றில் ஏதாவது மாடி பால்கனிக்குப் படியாகிறதா? மாடிக் கதவுகளை யாரும் பூட்டுவதில்லை. குடும்பம் மொத்தமும் கீழே உட்கார்ந்திருக்கும் மாலை நேரத்தில் மாடிக்கு ஆள் வந்து போனது மறுநாள்தான் தெரியும்.

கதவு: பூட்டைவிட நிலை முக்கியம்

உதைத்தோ நெம்பியோ திறந்த கதவுகளைப் பார்த்தால், பூட்டு பல சமயம் முழுசாக இருக்கும். பிளந்திருப்பது நிலை. காரணம் எளிது: பூட்டின் நாக்கு போய் விழும் தகட்டை, அதாவது ஸ்ட்ரைக் பிளேட்டை, 20 மி.மீ. ஸ்க்ரூ இரண்டு மட்டும் பிடித்திருக்கும். எவ்வளவு விலையுயர்ந்த பூட்டாக இருந்தாலும் அதன் பலம் அந்த இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும் மரத்தின் பலம்தான்.

தகட்டைக் கழற்றுங்கள். நாலு துளையோ அதற்கு மேலோ உள்ள, கனமான, நீளமான தகடாக மாற்றுங்கள். 75 முதல் 90 மி.மீ. நீளமுள்ள 5 மி.மீ. ஸ்க்ரூ வேண்டும். அது நிலையைக் கடந்து பின்னாலிருக்கும் கட்டமைப்பைப் பிடிக்க வேண்டும். மரச்சட்டகச் சுவரென்றால் நேராகப் பிடிக்கும். செங்கல், கான்கிரீட் சுவரென்றால் நீளமான பிளக்கோடு வரும் ஃபிரேம் ஃபிக்ஸிங் போட வேண்டும். முதலில் 3 மி.மீ. துளையிட்டுக்கொள்ளுங்கள், கடினமான மரத்துக்கு 3.5 மி.மீ. துளையிடாமல் ஏற்றினால் நிலை அங்கேயே விரிசல் விட்டுவிடும்.

இந்த வேலை கெட்டுப்போவது வேறோர் இடத்தில். நிலைக்கும் சுவருக்கும் நடுவே காலியிடம் இருக்கும், வெளியே பூச்சு மூடியிருப்பதால் தெரியாது. நீள ஸ்க்ரூவை இறுக்க இறுக்க நிலை சுவரை நோக்கி வளையும். கதவுக்கும் நிலைக்குமான இடைவெளி 3 மி.மீ. இருந்தது 7 மி.மீ. ஆகும். நாக்கு உள்ளே போகும் ஆழம் அத்தனையும் குறையும். பலப்படுத்தப் போய் பலவீனப்படுத்தியதாக முடியும். அதனால் ஸ்க்ரூ வரும் இடங்களில் எல்லாம் மரத்துண்டோ பிளாஸ்டிக் ஷிம்மோ செருகி, இடைவெளியை அடைத்த பிறகே இறுக்குங்கள்.

நாக்கு முழுசாகப் போகிறதா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். நாக்கின் முனையில் சாக்பீஸைத் தடவி, கதவைச் சாத்திப் பூட்டித் திறங்கள். தகட்டின் விளிம்பில் வெள்ளை படிந்திருந்தால் நாக்கு துளைக்குள் சரியாக இறங்கவில்லை, தகட்டில் இடிக்கிறது. குழியின் அடியில் படிந்திருந்தால் குழி ஆழம் பற்றவில்லை, நாக்கு பாதியில் நிற்கிறது. பாதியில் நிற்கும் நாக்கு பூட்டியதுபோலவே தோன்றும், சாவியும் திரும்பும். வெளியே நீளும் நாக்கு குறைந்தது 25 மி.மீ. இருக்கட்டும்.

வெளிக்கதவின் பலகை 44 மி.மீ. தடிமனில், உள்ளே வெற்றிடம் இல்லாத கெட்டிக் கதவாக இருக்க வேண்டும். 35 மி.மீ. கதவில், விளிம்புக்குள் பதிக்கும் மார்ட்டிஸ் பூட்டுக்குக் குழி தோண்டினால் இரண்டு பக்கமும் விரற்கடை மரம்கூட மிஞ்சாது. அப்படிப்பட்ட கதவில் பூட்டைச் சுற்றி இரும்புக் கவசத் தகடு போட்டே ஆக வேண்டும். உயரமான கதவுக்கு ஒரு பூட்டு போதாது. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஒன்று, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஒன்று என இரண்டு இடத்தில் பிடிப்பு வேண்டும். பூட்டிய கதவின் மேல்மூலையையும் கீழ்மூலையையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எங்கே ஆடுகிறதோ அங்கேதான் நெம்புவார்கள்.

வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால் கீல் வெளியே இருக்கும். கீலின் ஊசியைத் தட்டி எடுத்தாலும் கதவு கழன்று வராதபடி, கீல் பக்க விளிம்பில், சாத்தும்போது நிலைக்குள் நுழையும் முளையான ஹிஞ்ச் போல்ட் இரண்டு பதிக்க வேண்டும்: மேல் கீலுக்குக் கொஞ்சம் கீழே ஒன்று, கீழ்க் கீலுக்குக் கொஞ்சம் மேலே ஒன்று. சின்ன வேலை, ஒரு மணி நேரத்தில் முடியும். ஏனோ இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

யூரோ சிலிண்டர் வகைப் பூட்டில், அதாவது சாவி போகும் உருளையைத் தனியே கழற்றி மாற்றக்கூடிய பூட்டில், வேறொரு பலவீனம். சிலிண்டரின் நடுவில், பிடிப்பு ஸ்க்ரூ போகும் இடத்தில், உலோகம் மெலிந்திருக்கும். கதவுத் தகட்டைவிட சிலிண்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் முறியும். எனவே வெளிப்பக்கம் 3 மி.மீ.-க்கு மேல் நீட்டக் கூடாது. சிலிண்டரை மாற்றுவது வீட்டுக்காரரே செய்யக்கூடியது: கதவைத் திறந்து வைத்து, விளிம்பில் இருக்கும் ஒற்றை எம்5 ஸ்க்ரூவைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பினால் சிலிண்டரின் நடுவில் இருக்கும் சின்ன நாக்கு சிலிண்டர் உடலோடு ஒட்டி நிற்கும், சிலிண்டர் வழுக்கி வந்துவிடும். ஸ்க்ரூ துளையின் நடுவிலிருந்து இரண்டு முனைகளுக்கும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள். 35/45 என்பதும் 45/35 என்பதும் ஒன்றல்ல. எது வெளிப்பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முறிவு தாங்கும் வகையை, கடினத் தகட்டுக் கவசத்தோடு வாங்குங்கள். புதியதைப் போட்டதும் கதவைத் திறந்து வைத்தபடியே நாலு முறை பூட்டித் திறந்து பார்த்த பிறகே சாத்துங்கள். இதில் அவசரப்பட்டவர்கள் வெளியே நின்றிருக்கிறார்கள்.

கதவில் கண்ணாடி இருந்தால், உட்பக்கக் குமிழை வெளியிலிருந்து கைவிட்டுத் திருப்ப முடியும் என்பதை மறக்க வேண்டாம். அங்கே இருபக்கமும் சாவி போடும் பூட்டு நல்லது. ஆனால் தீப்பிடித்தால் அதுவே பொறி. சாவி கதவிலிருந்து எட்டாத தூரத்தில், வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரிந்த ஒரே ஆணியில் தொங்க வேண்டும்.

ஜன்னலும் நகரும் கதவும்

டெம்பர்ட் கண்ணாடி பலமானது என்று விற்பார்கள். காயம் படாமல் இருக்கத்தான் அது. ஒரே அடியில் முழுதும் குருணையாகக் கொட்டி வழிவிடும். காவலுக்கு வேண்டியது லேமினேட்டட்: இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டிய படலம், விரிசல் விட்டாலும் பிடித்து வைத்திருக்கும். இஎன் 356 தரத்தில் பி4ஏ என்பது 4.11 கிலோ எஃகுப் பந்தை 9 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று முறை போட்டும் ஊடுருவாதது. அதை வாங்கிவிட்டு, கண்ணாடியைப் பிடிக்கும் சட்டத்துண்டுகளை வெளிப்பக்கம் வைத்தால் கண்ணாடியை உடைக்கவே வேண்டாம், முழுசாகக் கழற்றி எடுத்துவிடலாம். அவை உட்பக்கம் இருக்க வேண்டும்.

தோட்டத்தைப் பார்த்த நகரும் கண்ணாடிக் கதவில் இரண்டு கோளாறு. அதன் கொக்கி லேசானது. அதோடு, மாட்டுவதற்காக விட்ட மேல் இடைவெளியில் கதவைத் தூக்கினால் கீழ்த் தண்டவாளத்தை விட்டு வெளியே வந்துவிடும். முதலாவதற்கு, உட்பக்கத் தண்டவாளத்தில் சரியான அளவுக்கு வெட்டிய ஒரு கம்பியோ மரச்சட்டமோ. இரண்டாவதற்கு, மேல் தண்டவாளத்தில் கதவு உரசாமல் ஓடும் அளவுக்குத் தலை நீட்டிய இரண்டு மூன்று ஸ்க்ரூ.

கிரில் போடுவதானால் கம்பி 12 மி.மீ.-க்குக் குறையாமல், இடைவெளி 100 மி.மீ. அளவில், முனைகள் சுவருக்குள் பதிந்து இருக்கட்டும். சட்டத்தில் மேலோட்டமாக ஸ்க்ரூ செய்த கிரில் அலங்காரம்தான். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிரிலாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். தீ விபத்தில் கிரிலே உயிரை வாங்கிய வீடுகள் உண்டு, இதில் சமரசம் வேண்டாம்.

வெளிச்சம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண் கூசும் ஃபிளட்லைட்டைவிட, பின்பக்கம் இரவு முழுதும் மங்கலாக எரியும் எல்இடி நல்லது. கூசும் விளக்கு தன் பின்னால் கன்னங்கரேலென்ற நிழலை உண்டாக்கும்.

அலாரம்

கதவு, ஜன்னல் சட்டத்தில் காந்த உணரி, உள்ளே நடைவழியில் பிஐஆர் உணரி, இவையே அடிப்படை. பிஐஆர் உடல் வெப்பத்தின் அசைவைப் பார்க்கிறது. குறுக்கே நடப்பவரை உடனே பிடிக்கும், நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகப் பிடிக்கும். ஆகவே வழியின் எதிரில் வைக்காமல் மூலையில், 2.1 முதல் 2.4 மீட்டர் உயரத்தில் வையுங்கள். சாதாரணக் கண்ணாடி வழியாக அதற்கு எதுவும் தெரியாது. ஜன்னலுக்கு உள்ளே வைத்துவிட்டுத் தோட்டத்தைக் காவல் காக்கச் சொன்னால் காக்காது.

அலாரம் செத்துப்போவது பொய்க் கூப்பாட்டால். ஏசி காற்றில் ஆடும் திரைச்சீலை, லென்ஸ் மேல் நடக்கும் பூச்சி, நேர் வெயில், வீட்டுப் பூனை, தீர்ந்துபோகும் பேட்டரி. மூன்று முறை வீணாக அலறிய சைரனுக்கு நாலாவது முறை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரரே அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறார், அன்றைக்குத்தான் ஆள் வருகிறான். பொய்யாக அடித்தால் எந்த இடத்து உணரி என்று பேனலின் பதிவேட்டில் பார்த்து அன்றே சரிசெய்யுங்கள்.

உள்ளே வந்தபின் அலாரத்தை அணைக்க ரகசிய எண் போடக் கொடுக்கும் அவகாசம் 30 விநாடிக்கு மேல் வேண்டாம். பேனலில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி பொதுவாக இருக்கும். 0.3 ஆம்பியர் இழுக்கும் அமைப்பைக் கணக்குப்படி 23 மணி நேரம் தாங்கும், பழசானால் பாதிகூடத் தாங்காது. மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் மாற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு உணரியாகத் தூண்டிப் பாருங்கள். தகவல் போக வைஃபை மட்டும் போதாது, சிம் வழி ஒன்றும் வேண்டும்.

பெட்டகம்

படுக்கையறை அலமாரியில் வைக்கும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டியைப் பெட்டகம் என்று சொல்வது அதற்குச் செய்யும் மரியாதை. தரையில் போல்ட் செய்யாத பெட்டியைத் திறக்க அவன் முயற்சியே செய்ய மாட்டான், அப்படியே தூக்கிக்கொண்டு போவான். இஎன் 1143-1 தரம் 1,000 கிலோவுக்குக் குறைந்த பெட்டகங்களைத் தரையிலோ சுவரிலோ பிணைக்க வசதி இருக்க வேண்டும் என்கிறது. கான்கிரீட் தரையில் எம்12 நங்கூர போல்ட், தயாரிப்பாளர் சொன்ன ஆழத்துக்கு. துளையிடும் முன் கீழே குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கம் சுவர் நெருக்கும் மூலையில் வைத்தால் கடப்பாரைக்கு இடம் கிடைக்காது.

மாடியில் வைப்பதானால் பாரத்தைக் கணக்குப் போடுங்கள். அரை மீட்டருக்கு அரை மீட்டர் அடித்தளத்தில் 300 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 1,200 கிலோ. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவை வைத்து வடிவமைக்கப்படுகின்றன. பரவலான பாரமும் ஓரிடப் பாரமும் வேறு என்றாலும், பொறியாளரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

தீ தாங்கும் பெட்டியும் திருட்டு தாங்கும் பெட்டகமும் வேறு வேறு. தீ தாங்கும் பெட்டியின் சுவரில் ஈரம் தேக்கிய கலவை, அதைச் சுற்றி மெல்லிய தகடு. காகிதத்துக்கு உள்வெப்பம் 177 டிகிரி செல்சியஸ் வரை போகலாம், கணினித் தகவல் வட்டுகளுக்கு 52 டிகிரிதான் வரம்பு. காகிதப் பத்திரங்களுக்கு வாங்கியதில் ஹார்ட் டிஸ்க்கை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர்.

இடம்: பெரிய படுக்கையறை வேண்டாம். உள்ளே வந்தவன் முதலில் போவது அங்கேதான். பெட்டகச் சாவியை அதே வீட்டில் மேசை இழுப்பில் போடுவதும் கூடாது. எண் பலகையில் நாலு எண் மட்டும் தேய்ந்து பளபளத்தால் ரகசிய எண்ணை மாற்றி, பலகையைத் துடைக்க நேரம் வந்துவிட்டது.

கேமரா

கடைசியில்தான் கேமரா. நடந்ததைச் சொல்லும், நடப்பதைத் தடுப்பது குறைவு. வாங்கும்போது மெகாபிக்ஸலைவிட ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்ஸல் என்று பாருங்கள். கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 தரத்தின் 2014 பதிப்புப்படி முன்பின் தெரியாதவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்ஸல், தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125, ஆள் இருக்கிறான் என்று மட்டும் அறிய 25. 1920 பிக்ஸல் அகலக் கேமரா 7.7 மீட்டர் அகலக் காட்சியில்தான் முகத்தைத் தரும். முழு முற்றத்தையும் 20 மீட்டர் அகலத்துக்கு அது காட்டினால் மீட்டருக்கு 96 பிக்ஸல். தொப்பி போட்ட ஒரு நிழல் கிடைக்கும். அதனால் அகலக் காட்சிக்கு ஒன்று, கடந்தே ஆக வேண்டிய குறுகிய வழியில் முகத்துக்கு ஒன்று என்று பிரியுங்கள். முகக் கேமராவை மிக உயரத்தில் வைத்தால் உச்சந்தலைதான் பதியும்.

பதிவு இடம்: விநாடிக்கு 4 மெகாபிட் (4 எம்பிபிஎஸ்) ஓடும் ஒரு கேமரா நாளுக்கு 43 ஜிபி எடுக்கும். நாலு கேமரா, 14 நாள் என்றால் 2.4 டிபி. ரெக்கார்டர் டிவிக்குக் கீழே இருந்தால் டிவியோடு சேர்ந்து போகும். பூட்டிய வேறோர் இடத்தில், யுபிஎஸ் இணைப்போடு வையுங்கள். அதன் கடிகாரத்தையும் மாதம் ஒருமுறை பாருங்கள். இருபது நிமிடம் தப்பாக ஓடும் பதிவை மற்ற பதிவுகளோடு பொருத்துவது பெரும்பாடு.

ஊருக்குப் போகும்போதும், நடந்த பிறகும்

பூட்டு எதையும் உடைக்காமல் சாவியோடு வருபவனுக்கு மேலே சொன்ன எதுவும் தடையில்லை. வீட்டில் மராமத்து முடிந்ததும், வேலைக்கு இருந்தவர் போனதும் சிலிண்டரையும் அலாரத்தின் ரகசிய எண்ணையும் மாற்றுங்கள். யார் மேலோ சந்தேகம் என்பதல்ல, சாவி எத்தனை நகல் ஆனது என்று தெரியாது என்பதுதான். வெளியூரில் இருக்கும்போது பயணப் படங்களை இணையத்தில் போடாதீர்கள், திரும்பி வந்து போடுங்கள். வாசலில் பார்சல் குவியாமல், குப்பைத் தொட்டி வெளியே கிடக்காமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். டைமர் விளக்கை ஒரே அறையில் ஒரே நேரத்துக்கு வைத்தால் வேவு பார்ப்பவனுக்கு இரண்டே நாளில் புரிந்துவிடும்.

நகை, கைக்கடிகாரம், கலைப்பொருள் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். சீரியல் எண்ணையும், போனில் *#06# அழுத்தினால் வரும் அதன் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணையும் எழுதி, வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள்.

திரும்பி வரும்போது கதவு திறந்திருந்தால் உள்ளே போகாதீர்கள். ஆள் இன்னும் இருக்கலாம். தெருவுக்கு வந்து போலீஸை அழையுங்கள். வீட்டில் இருக்கும்போதே யாராவது நுழைந்தால் எதிர்கொள்ளப் போகக் கூடாது. அதற்கென்று ஒரு படுக்கையறைக்குக் கெட்டிக் கதவும், சாவியோ குமிழோ திருப்பினால்தான் நாக்கு நகரும் டெட்போல்ட் பூட்டும் போட்டு, சார்ஜில் ஒரு போனை வைத்திருங்கள். போலீஸ் பார்த்து முடிக்கும்வரை எதையும் தொடாமல், அடுக்காமல் விடுங்கள்.

உடைந்த இடத்தை அன்றே அடையுங்கள். ஒருமுறை புகுந்த வீட்டுக்கும் அதை ஒட்டிய வீடுகளுக்கும் அடுத்த சில வாரங்கள் ஆபத்து கூடுதல் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வழி தெரிந்துவிட்டது, காப்பீட்டில் புதுப் பொருள் வரும் என்பதும் தெரியும். பக்கத்து வீட்டுக்கும் அன்றே தகவல் சொல்லி, எந்தக் கதவு வழியாக வந்தான் என்பதையும் சொல்லுங்கள். ஒரே ஒப்பந்தக்காரர் கட்டியிருந்தால் அவர்கள் வீட்டிலும் அதே கதவு, அதே இரண்டு ஸ்க்ரூ.